கேஸ் அக்காவின் நெஞ்சுவலி

ரேடியோவில் என்னைச் சாகடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சாகப்போவது நான் இல்லை, நாடகத்தில் நான் பேசுகிற பாத்திரம்தான். இருந்தாலும் பேசுவது என் வாய்தானே? முட்டுவது என் மூச்சுதானே? வாயால் சொன்னது பலித்துவிடும் என்று பயந்து பயந்து வளர்ந்தவள் நான். விளையாட்டுக்கு "செத்தேன்" என்று சொன்னால்கூட என் அம்மா வாயிலேயே ஒன்று போடுவாள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் எனக்கு வேலை. கீழே தோல் வெட்டுகிறார்கள், தைக்கிறார்கள், ஒட்டுகிறார்கள். மாடியில் ஏசி அறையில் நாங்கள் இன்வாய்ஸ் போடுகிறோம், பேக்கிங் லிஸ்ட் போடுகிறோம், கன்டெய்னர் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் நாற்காலியை விட்டு அசைய மாட்டோம். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவன் நேராகக் கீழேதான் போவான். மாஸ்க் போட்டிருக்கிறார்களா, காற்று வருகிறதா, வெளிச்சம் போதுமா என்று குனிந்து குனிந்து பார்ப்பான். மாடி ஏறி வந்து, "அம்மா, நீ காலையிலிருந்து ஒரு வாய் தண்ணி குடிச்சியா" என்று எங்களை ஒருத்தனும் கேட்டதில்லை. கீழே இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. வைத்தியம் உண்டு. எங்களுக்குச் சம்பளம் கொஞ்சம் ஜாஸ்தி என்று அதுவும் கிடையாது. சமோசா உண்டு, டீ உண்டு, ஷிப்மென்ட் போன அன்றைக்குப் பிரியாணி உண்டு. எங்கள் பிரிவில் சுகர் இல்லாதவர் யார் என்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட எங்களைத் திருத்தத்தான் வேலூர்ப் பக்கத்துச் சமுதாய வானொலி ஒன்று நாடகம் போடக் கிளம்பியது. வாரம் ஒரு நாடகம். அதிலிருந்து நல்ல இடங்களை வெட்டி வாட்சப்பில் அனுப்புவார்கள், படம் சேர்த்து ரீல்ஸ் போடுவார்கள். அதை நடத்தியவரை வானொலிக்காரர் என்றே சொல்கிறேன். துருதுருவென்று இருப்பார், உட்காரவே மாட்டார். அவர் எங்கள் ஆபீசுக்கு வந்து, "நடிகருங்க வேணாம் சார். உக்காந்து உக்காந்து இடுப்பு ஒடிஞ்சவங்களே பேசணும். அப்பதான் ஜனம் நம்பும்" என்றார். மொத்த ஆபீசும் என் பக்கம் கையைக் காட்டியது.

காரணம் இருக்கிறது. எங்கள் சர்ச்சில் வருடா வருடம் கிறிஸ்துமஸ் நாடகம் போடுவோம். ஏரோது ராஜா பச்சைக் குழந்தைகளை வெட்டச் சொல்கிற காட்சியில் ஒரு தாய் அலற வேண்டும். அந்தத் தாய் நான்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான்தான். துணியில் சுற்றிய தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு நான் ஒரு கத்துக் கத்தினால் கடைசி பெஞ்சில் தூங்குகிற குழந்தைகள் எழுந்து அழும். அந்தக் கத்தல்தான் என்னை ரேடியோவில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

நாடகத்தில் என் பாத்திரத்துக்குக் கேஸ் அக்கா என்று பெயர் ஆகிவிட்டது. அவள் ஓர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். தலை சுற்றினாலும், கால் மரத்தாலும், படி ஏறினால் மூச்சு வாங்கினாலும் அவளுக்கு ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்லப்பா, கேஸு! ஒரு சோடா அடிச்சா ஓடிப்போய்டும்!" வாயுத் தொல்லைதான் என்று அடித்துச் சொல்லுவாள். அதை நான் இழுத்து, மூக்கால் சொல்லி, கடைசியில் ஒரு ஏப்பமும் விடுவேன். ஐயோ, அது பிடித்த பிடி இருக்கிறதே! வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் ஆபீஸ் ஆபீசாகச் சுற்றியது. மீன் வாங்கப் போனால் மீன்காரம்மா, "இன்னாக்கா, சோடா வேணுமா?" என்பாள். பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் குரலை வைத்தே கண்டுபிடித்துத் திரும்பிப் பார்ப்பார்கள். என் முகத்தை அவ்வளவாக யாருக்கும் தெரியாது, குரலை எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்? நாடகம் கேட்டுவிட்டு எங்கள் ஆபீசிலேயே பலர் சுகர் பார்த்துக்கொண்டார்கள். நான் பார்த்துக்கொள்ளவில்லை. பயம்.

அதற்குப் பிறகுதான் வானொலிக்காரர் அந்தக் காகிதத்தைக் கொடுத்தார். கேஸ் அக்காவுக்கு ஆபீசிலேயே மாரடைப்பு. கதறிக்கொண்டு கீழே விழுகிறாள். அதோடு அந்த வாரம் முடியும். அவள் பிழைப்பாளா மாட்டாளா என்பது அடுத்த வாரம்.

"பொழைக்கமாட்டா போலத்தான் இருக்கு. அப்பதான் ஜனத்துக்கு உறைக்கும்" என்றார்.

"சார், நான் எதுக்கு சார் சாவணும்? வேற யாரையாவது சாவடிங்க."

"நீங்க சாவலக்கா. கேஸ் அக்காதான்."

அந்த வசனப் பிரதியைச் சரிபார்க்க ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். அவர் படித்துவிட்டு, பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்துகிற மாதிரி வராது, தாடை வலிக்கலாம், முதுகு கனக்கலாம், வாந்தி வருகிற மாதிரி இருக்கலாம், காரணமே இல்லாமல் உடம்பு வேர்த்துக் கொட்டலாம் என்று சொல்லி, அதை ஓரத்தில் பென்சிலால் எழுதினார். நாங்கள் அப்படியும் ஒரு தடவை பதிவு செய்து பார்த்தோம். நான் மெல்ல, "தாடை வலிக்குது..." என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வானொலிக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"கேக்கலக்கா. ரேடியோல தாடைவலி கேக்காது. வேர்வ கேக்காது. நம்ம கிட்ட இருக்கறது சத்தம் ஒண்ணுதான். உங்க சர்ச் கத்து இருக்குதே, அத எடுத்து வுடுங்க."

எடுத்து விட்டேன். மைக்கைப் பார்த்துச் சின்னதாக ஒரு ஜெபம் பண்ணிவிட்டு, "ஐயோ நெஞ்சு! நெஞ்ச புடிக்குதே!" என்று அலறி, நாற்காலியைத் தள்ளிவிட்டேன். தொப்பென்று விழுகிற சத்தத்துக்கு மேசையில் ஒரு மூட்டையைப் போட்டார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டார். வாணியம்பாடியில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் வேலை அவருக்கு, அதிகம் பேசாதவர். "காசா பணமா, எதுக்கு இந்த வேல? வுட்டுடு" என்றார். பிளஸ் டூ படிக்கிற என் மகளோ, "அப்பா, அம்மா செம ஃபேமஸ் ஆய்டும்பா" என்று குதித்தாள்.

அந்த அலறல் வந்த வாரம் இந்தப் பக்கமே அமளிதுமளி ஆனது. அதை வெட்டி, ஒட்டி, பூனை விழுகிற படத்துக்கெல்லாம் போட்டார்கள். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தால் என் அலறல். பரீட்சை ரிசல்ட்டுக்கு என் அலறல். ஆபீசில் கரண்ட் போனால் எவனாவது ஒருவன் போனை எடுத்து என் "ஐயோ நெஞ்சு!" வைப்பான். எங்கே போனாலும் ஒரே கேள்வி: "அக்கா, சாவீங்களா மாட்டீங்களா?" எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் முதுகில் பல்லி ஊர்கிற மாதிரி இருக்கும். சிரித்துக்கொண்டே, "அடுத்த வாரம் கேளுங்கப்பா" என்பேன்.

அந்த அடுத்த வாரம் வருவதற்குள் எனக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு ஷிப்மென்ட். கீழே கன்டெய்னர் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் என் கீழ்த்தாடையில் ஒரு வலி. பல்வலி என்றுதான் நினைத்தேன். நாக்கால் தடவிப் பார்த்தேன், எந்தப் பல் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இடது தோளில் யாரோ கையை ஊன்றிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு கனம். வயிற்றைப் பிரட்டியது. ஏசியில் உட்கார்ந்திருக்கிறேன், பிளவுஸ் முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் டாக்டரம்மாவின் பென்சில் எழுத்து எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த நொடியில் வந்த பயத்தை எப்படிச் சொல்வது? வலியைவிடப் பயம்தான் முதலில் என்னைப் பிடித்தது. கர்த்தாவே, வாயால் சொன்னேனே, வந்துவிட்டதே! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டுத்தான் போனேன் என்று நினைத்தேன்.

பக்கத்து மேசையைப் பார்த்து, "எனக்கு ஒரு மாதிரியா இருக்குது" என்றேன்.

சிரித்தார்கள்.

"தோ, அக்கா ஆரம்பிச்சுட்டாங்க!"

"இல்லப்பா. நெசமா. தாடை வலிக்குது. தோளு கனக்குது."

"அடுத்த எபிசோடாக்கா? எங்களுக்கு மட்டும் முன்னாடியே காட்றீங்களா?"

எங்கள் மேனேஜர் நல்ல மனிதர், யார் மனத்தையும் நோகடிக்காதவர். அவரும் கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமல், "மேடம், பேக்கிங் லிஸ்ட்ட முடிச்சுட்டு அப்புறமா செத்துப்போங்க, வண்டி நிக்குது" என்றார். அதற்கு இன்னொரு சிரிப்பு. வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகுமாம். என்னைச் சுற்றி அத்தனை பேர் சிரித்தார்கள், என் நோய் என்னை விட்டு ஒரு அடி நகரவில்லை.

ஹெச்.ஆர். பிரிவில் ஒரு பெண் இருந்தாள், கல்யாணம் ஆகாத சின்னப் பெண். அந்த நாடகத்துக்காக எங்கள் ஆபீஸ் வீடியோக்களை எடுத்துப் போடுகிறவள் அவள்தான். சிரிப்புச் சத்தம் கேட்டு ஓடி வந்தாள், வரும்போதே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "ஃப்ரெண்ட்ஸ், லைவ்ல இருக்கோம். நம்ம கேஸ் அக்கா பாருங்க, ரிகர்சல் நடக்குது!" என்றாள்.

நான் அவளைப் பார்த்து, "போன கீழ வையும்மா, என்னால முடியல" என்றேன். அவள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். நன்றாக நடிக்கிறேனாம்.

கத்தலாமா என்று யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். ஆனால் கத்தினால் என்ன ஆகும்? நான் கத்துவது எல்லாருடைய போனிலும் இருக்கிறதே! கத்தினால் நடிப்பு என்பார்கள், கத்தாவிட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். புலி வருது கதையில் அந்தப் பையன் பொய் சொன்னான், அனுபவித்தான். நான் என்ன பொய் சொன்னேன்? ஊருக்கு நல்லது என்று பேசினேன். அதற்கா இந்தக் கதி? அந்த நிலையிலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அழுகையும் வந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. தோல் ஊறுகிற டிரம் சுற்றினால் அந்தச் சத்தத்தில் அவருக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மகள் படிப்பு லீவில் வீட்டில் இருந்தாள். எழுத்து அடிக்கிற தெம்பு விரலில் இல்லை. குரலில் அனுப்பினேன்: "பாப்பா, அம்மாவுக்கு நெசமாவே முடியல. அப்பாவுக்குச் சொல்லு." அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது. பதில் வந்தது. கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி, வரிசையாக. அதன் கீழே, "அம்மா சூப்பர்!"

நான் பெற்ற பிள்ளை. என் வயிற்றுக்குள் இருந்தபோதே என் குரலைக் கேட்டவள். அவளுக்கே தெரியவில்லை என்றால் இனி யாரிடம் போய்ச் சொல்வது? இந்த நாற்காலியில், இத்தனை பேர் நடுவில், எல்லாரும் பார்த்துக்கொண்டே இருக்க நான் சாகப்போகிறேன் என்று அப்போது உறுதியாகத் தோன்றியது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். பேசுவதை நிறுத்திவிட்டேன்.

அந்தப் பெண் இன்னும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னுடைய வழக்கமான வசனத்துக்காகக் காத்திருந்தாள். எத்தனையோ வீடியோ எடுத்திருக்கிறாள், எல்லாவற்றிலும் நான் கடைசியில் கேமராவைப் பார்த்து அதைச் சொல்லி முடிப்பேன். அதைச் சொன்னால்தான் அவள் நிறுத்துவாள்.

"அக்கா, டயலாக்," என்றாள்.

நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"அக்கா, டயலாக் சொல்லுங்கக்கா. நெறைய பேர் பாக்கறாங்க."

வாயைத் திறந்தேன். வாந்தி வந்துவிடும் போல இருந்தது, மூடிக்கொண்டேன். அவள் திரையில் என்னைப் பெரிதாக்கிப் பார்த்தாள் போலிருக்கிறது. அவள் முகம் மாறுவதை நான் பார்த்தேன். சிரிப்பு முதலில் கண்ணிலிருந்து போனது, அப்புறம்தான் வாயிலிருந்து போனது. போனைக் கீழே இறக்கினாள். பக்கத்தில் வந்து என் நெற்றியைத் தொட்டாள். கையை எடுத்துத் தன் விரலைப் பார்த்தாள்.

"சார்," என்றாள். யாரும் திரும்பவில்லை. "சார்! அக்கா நடிக்கல சார்!"

அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்தச் சத்தத்தில் கீழே கன்டெய்னரில் பெட்டி ஏற்றுகிறவர்கள்கூட மேலே பார்த்தார்களாம். மேனேஜர் எழுந்த வேகத்தில் அவர் நாற்காலி பின்னால் விழுந்தது. அவரே வந்து ஒரு பக்கம் தாங்கிக்கொண்டார். "மன்னிச்சுக்கங்கம்மா, மன்னிச்சுக்கங்க" என்று படி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆபீஸ் காரில் ஏற்றினார்கள். அந்தப் பெண் என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அழுகிற கண்ணீர் என் காதுக்குள் விழுந்தது.

முதலில் ஆம்பூரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வாசலில் ஒரு நர்ஸ் வந்து, "என்னம்மா பண்ணுது?" என்றாள். நான், "தாடை... தோளு..." என்றேன். அவள் சட்டென்று நின்று என் முகத்தைப் பார்த்தாள். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது.

"நீங்க கேஸ் அக்காதான?"

இங்கேயுமா! செத்தேன் என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை, மனத்தில்தான். கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா, ஆனா இது நெசம். சத்தியமா நெசம்மா" என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவள் சிரிப்பை விட்டுவிட்டு வேலையில் இறங்கினாள். என் நெஞ்சில் குளிர்ந்த வில்லைகளை ஒட்டினார்கள். இ.சி.ஜி. காகிதம் சரசரவென்று வந்தது. அதைப் பார்த்த டாக்டரும் நர்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலூருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸைக் கூப்பிட ஆள் ஓடியது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நேரத்தில் எனக்கு ஒரு நிம்மதி. அப்பாடா, நம்பிவிட்டார்கள் என்று.

நிம்மதி ஆம்புலன்ஸ் கதவு மூடுகிற வரைக்கும்தான். மாதனூர் தாண்டும்போது வலி நிஜமாகவே நெஞ்சுக்கு இறங்கியது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி வேகம் குறைந்தபோது இதுதான் முடிவு என்று நினைத்தேன். ஜெபம் பண்ணப் பார்த்தேன், ஒரு வசனமும் வாயில் வரவில்லை. அந்த மஞ்சள் மூஞ்சிகள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன. நான் போய்விட்டால் அந்தப் பிள்ளை அதைத் தன் போனில் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்குமே, அம்மா கடைசியாகக் கூப்பிட்டாள், நான் சிரித்தேன் என்று நினைத்துக்கொண்டே இருக்குமே என்றுதான் பயந்தேன். சாவதைவிட அது பெரிய பயமாக இருந்தது. அதற்காகவாவது பிழைக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

வேலூரில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்றார்கள். வானொலிக்காரர் வந்தார், ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிக்கொண்டு. நெய்யும் சர்க்கரையும் சொட்டுகிற மக்கன் பேடா! இருதயத்தைக் காப்பாற்றுங்கள் என்று ஊரெல்லாம் நாடகம் போடுகிற மனிதர், மாரடைப்பு வந்தவளைப் பார்க்க வாங்கிக்கொண்டு வருகிற பொருளைப் பாருங்கள். அதை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் முதல் தடவையாக உட்கார்ந்தார்.

"அந்த டாக்டரம்மா எழுதினத நான் வெட்டியிருக்கக் கூடாதுக்கா," என்றார்.

பிறகு தயங்கித் தயங்கி அந்த லைவ் வீடியோவைப் பற்றிப் பேசினார். அது எங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது, இன்னும் நடிப்பு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இது நிஜம் என்று எழுதி நாமே போட்டால் நிறைய பேர் பிழைப்பார்கள். நீங்கள் சரி என்றால் போடுகிறேன், சிரிக்கிற சத்தத்தை மட்டும் எடுத்துவிடலாம், ஆபீஸ்காரர்கள் சங்கடப்படுகிறார்கள் என்றார்.

எனக்கு வந்ததே கோபம். மானிட்டர் கத்த ஆரம்பித்தது, நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"போடுங்க. தாராளமா போடுங்க. ஆனா அந்தச் சிரிப்ப எடுத்தீங்கன்னா நான் வுட மாட்டேன். நான் பேசினத விட அந்தச் சிரிப்புதான் சார் ஜனம் கேக்கணும்."

அப்படியே போட்டார். கேஸ் அக்காவை அவர் சாகடிக்கவில்லை. வேறு யாரையோ பேசவைத்து அவளைப் பிழைக்கவைத்தார் என்று சொன்னார்கள். நான் கேட்கவில்லை.

என் மகள் ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. வருவாள், கால்மாட்டில் உட்காருவாள், போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருப்பாள். போனைத் தொடுவதே இல்லை என்று அவள் அப்பா சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம் நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். என் மூக்குக்குக் கீழே சூடாக ஏதோ இருந்தது. கண்ணைத் திறந்தால் அவள் விரல். மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாடி பண்ற?"

உடைந்துவிட்டாள். என் மேல் விழுந்து, "எனக்குத் தெரியலம்மா, எனக்குத் தெரியவே இல்லம்மா" என்று அப்படி ஓர் அழுகை. நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். யாருக்குத்தான் தெரிந்தது, உனக்கு மட்டும் தெரிய வேண்டும் என்று என்ன சட்டமா என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இனிமே நெசமா வலிச்சா எப்படிச் சொல்லுவ? எனக்கு மட்டும் தெரியற மாதிரி ஒண்ணு சொல்லு. நடிக்கும்போது சொல்லவே கூடாது. வெளாட்டுக்கும் சொல்லக் கூடாது."

இரண்டு பேரும் யோசித்தோம். அவளை நாங்கள் வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஸ்கூல் ரிஜிஸ்டரில் அவளுக்கு ஒரு நீளமான பெயர் உண்டு, ஞானஸ்நானத்தில் வைத்தது. அதைச் சொல்லி நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அதைத்தான் வைத்துக்கொண்டோம். அந்தப் பெயரைச் சொல்லி அம்மா கூப்பிட்டால் எதையும் கேட்காமல் ஓடி வர வேண்டும். அதை நான் இங்கே எழுதமாட்டேன்.

போன மாதம் வேலூருக்குச் செக்கப்புக்குப் போனோம், நானும் அவளும். டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, நன்றாக நடங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை, அவ்வளவு சந்தோஷம். அவள் மருந்து வாங்குகிற வரிசையில் போய் நின்றாள். நான் அடுத்த தேதி வாங்குகிற கவுன்டருக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என் பெயரைக் கேட்டார், சொன்னேன். ஊரைக் கேட்டார், சொன்னேன்.

"கூட வந்திருக்கறவங்க பேரு?"

ஒரே கூட்டம், இரைச்சல். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று ஓட்டையில் வாயை வைத்து உரக்கச் சொன்னேன். முழுப் பெயரையும்.

எனக்குப் பின்னால் ஏதோ விழுந்து சிதறிய சத்தம் கேட்டது. திரும்பினேன். மாத்திரை அட்டைகள் தரையெல்லாம் கிடக்க, வரிசையைப் பிளந்துகொண்டு, ஒரு பெரியவரை இடித்துத் தள்ளிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு அவள் ஓடி வந்துகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா? எங்க வலிக்குது? டாக்டர்! யாராச்சும் டாக்டரக் கூப்புடுங்க!" என்று அந்த ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஒண்ணுமில்லடி, அவரு பேரு கேட்டாரு, சொன்னேன். எங்கயும் வலிக்கல" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், தாடையைப் பிடித்துப் பார்த்தாள்.

"சத்தியமா வலிக்கலடி பாப்பா."

அவள் நம்பவில்லை.